கோலம் போடும் கை

அன்புள்ள ஐயா,
என் மகளுக்கு இரண்டரை வயது. கிரேயான், ஸ்பூன் எல்லாவற்றையும் இடது கையால்தான் எடுக்கிறாள். "இப்போதே மாற்றிவிடு, அப்புறம் பழக்கமாகிவிடும்" என்கிறார் மாமியார். எந்த வயதுக்குள் மாற்ற வேண்டும்? மூளையில் ஏதாவது கோளாறா? சாப்பாட்டுக்காவது வலது கையைப் பழக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

கோளாறெல்லாம் இல்லை. பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டி, இன்னொன்றைச் சும்மா போட்டிருக்கும் குழந்தையைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

என்னைச் சுட்டது அந்தப் 'பழக்கம்' என்ற சொல். நாமும் கூச்சமில்லாமல் 'இடக்கைப் பழக்கம்' என்றே எழுதுகிறோம். வெற்றிலை போடுவது பழக்கம், நகம் கடிப்பது பழக்கம். இது அப்படியா? பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பர் என்ற ஆய்வாளரின் குழு, வயிற்றுக்குள் விரல் சூப்பியதாக ஸ்கேனில் பதிவான 75 குழந்தைகளைப் பத்துப் பன்னிரண்டு வயதில் மறுபடி பார்த்தது. வலது கட்டைவிரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்கள். இடது விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கை, மீதி ஐந்து பேர் வலக்கைக்கு வந்துவிட்டார்கள். அந்த ஐவரை மறக்காதீர்கள். எல்லாமே கருவில் எழுதி முடிந்துவிடுவதில்லை. பிறந்தபின்னும் இன்று இந்தக் கை, நாளை அந்தக் கை என்று தடுமாறி, நாலைந்து வயதில்தான் உறுதிப்படும். அதற்குள் நீங்கள் ஏன் கை வைக்கிறீர்கள்?

என் அக்காவின் இடது கையை ஒன்றாம் வகுப்பில் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டியது வாத்தியார் இல்லை, எங்கள் அம்மா. முடிச்சுப் போடும்போது அவளே அழுதாள். அக்கா வலது கையால் எழுதப் படித்தாள், எழுத்தும் அழகுதான். இப்போது அறுபத்தெட்டு வயது. இன்றும் விடியலில் கோலமாவை அள்ளுவது இடது கை. தெருவில் யாராவது வந்துவிட்டால் சட்டென்று கை மாறும், இழை கோணும்.

மாமியாரின் முதுகுக்குப் பின்னால் ஒளியாதீர்கள், அம்மா. அவர் காலம் அப்படி. மாற்றும் ஆசை உங்களுக்கும் இருக்கிறது. 'எந்த வயதுக்குள்' என்று கேட்டதிலேயே தெரிகிறது.

சோற்றுக்கை விஷயத்தை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் சண்டை இல்லை. கிரேயானைத் தொடாதீர்கள். பள்ளியில் சேர்க்கும் அன்றே டீச்சரிடம் சொல்லி, பெஞ்சில் இடது ஓரமாக உட்காரவைக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்காது.