401(கே) பணத்தை எடுத்து மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டலாமா? வரி எவ்வளவு போகும்? (அமெரிக்கா, எனக்கு வயது 48)

கட்டலாம். ஆனால் 401(கே)யில், அதாவது வேலை பார்க்கும் நிறுவனம் வழியாகச் சேர்க்கும் ஓய்வூதியச் சேமிப்பில், நேராகக் கை வைக்காதீர்கள்.

59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10% அபராதமும் உண்டு. கல்விச் செலவுக்கு அபராதம் இல்லை என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகை ஐஆர்ஏ கணக்குக்கு (நீங்களே தனியாகத் தொடங்கும் ஓய்வூதியச் சேமிப்புக்கு) மட்டும்தான். கல்விக் கட்டணத்துக்காக எடுக்க உங்கள் நிறுவனத்தின் திட்டம் அனுமதித்தாலும் அபராதம் நீங்காது. 22% வரி அடுக்கில் இருப்பவருக்கு 20,000 டாலர் கையில் நிற்க வேண்டுமானால் 29,412 டாலர் எடுக்க வேண்டும். மாநில வரி தனி. கலிஃபோர்னியா தன் பங்குக்கு இன்னொரு 2.5% அபராதம் போடும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் 401(கே) கிடக்கிறதா? அதை டிரெடிஷனல் ஐஆர்ஏவுக்கு (எடுக்கும்போது வரி கட்டும் வகை) நேரடி ரோல்ஓவர் செய்துவிட்டு, அதாவது கணக்கிலிருந்து கணக்குக்கே நேராக மாற்றிவிட்டு, அங்கிருந்து எடுங்கள். வருமான வரி மட்டும் போகும். பணம் உங்கள் கைக்கு வரும்படி கேட்டுவிடாதீர்கள். 20% பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அந்த 20%ஐயும் சொந்தப் பணத்திலிருந்து சேர்த்து 60 நாளுக்குள் ஐஆர்ஏவில் போடாவிட்டால், குறைகிற தொகைக்கு வரியும் அபராதமும் வரும்.

கல்விக் கட்டணம், புத்தகம், பாடத்துக்குக் கட்டாயமான கருவிகள் எல்லாம் அபராத விலக்குக்கு உரிய கல்விச் செலவில் சேரும். மகள் பாதி நேர மாணவியாகவாவது படித்தால் விடுதியும் சாப்பாடும் சேரும். வரி இல்லாமல் கிடைத்த உதவித்தொகையைக் கழித்துவிட வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான். செலவு 20,000, அதற்கான வரியையும் ஐஆர்ஏவிலிருந்தே கட்டலாம் என்று 25,641 எடுக்கிறார்கள். வரி கல்விச் செலவு ஆகாது. கூடுதலாக எடுத்த 5,641க்கு 10% அபராதம், 564 டாலர். அதனால் வரிக்கான பணத்தைச் சம்பளத்திலிருந்து ஒதுக்கி வையுங்கள். அதேபோல், கட்டணம் கட்டுவதும் பணம் எடுப்பதும் ஒரே காலண்டர் ஆண்டுக்குள் நடக்க வேண்டும். ஜனவரியில் கட்டப்போகும் கட்டணத்துக்கு டிசம்பரில் எடுத்தால் விலக்கு கிடைக்காது.

பணம் எடுத்ததற்குக் கணக்கு நிறுவனம் அனுப்பும் 1099-ஆர் படிவத்தின் 7ஆம் பெட்டியில் 1 (வயதுக்கு முன்பே எடுத்தது) என்று இருக்கும். பதற வேண்டாம். வரி தாக்கல் செய்யும்போது, அபராதத்தைக் கணக்கிடும் 5329ஆம் படிவத்தில் விலக்கு எண் 08 போட்டால் சரியாகிவிடும்.

ரோத் ஐஆர்ஏ (வரி கட்டிய பணத்தைப் போடும் வகை) இருந்தால் முதலில் அதைத் தொடுங்கள். நீங்கள் போட்ட அசல்தான் முதலில் வெளியே வரும். அதற்கு வரியும் இல்லை, அபராதமும் இல்லை.

கல்லூரி நிதியுதவியையும் யோசியுங்கள். ஐஆர்ஏ இருப்பை ஃபாஃப்ஸா (அரசின் கல்லூரி நிதியுதவி) விண்ணப்பம் சொத்தாகப் பார்க்காது. எடுத்த தொகையை, ரோத் அசலையும்கூட, வருமானமாகப் பார்க்கும். அது இரண்டு ஆண்டு முந்தைய வருமானத்தைக் கேட்பதால், மகள் 2026 இலையுதிர் பருவத்தில் சேர்ந்து நான்கு ஆண்டில் முடிப்பதாக இருந்தால், 2028 ஜனவரி 1க்குப் பிறகு எடுப்பது அவளுடைய உதவித்தொகையைக் குறைக்காது. முதல் ஒன்றரை ஆண்டை வேறு பணத்தில் சமாளிக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள்.