நியூயார்க்கின் இரு இளைஞர் கும்பல்களின் மோதலுக்கு நடுவே மலரும் காதலைச் சொல்லும் இசை நாடகம் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. 2020-ல் அந்நகரின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அது மறுபடி மேடையேறியபோது ரசிகர்களிடம் ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

ஒரு முக்கியக் காரணம் நடனம். 1957-ல் ஜெரோம் ராபின்ஸ் அமைத்த அசைவுகள்தான் பலருக்கு அந்த நாடகமே. விரல் சொடுக்கியபடி தெருவில் நடக்கும் அந்த ஆரம்பத்தை நினைத்துப் பாருங்கள். இயக்குநர் ஈவோ வான் ஹோவ அதையெல்லாம் விட்டுவிட்டு, பெல்ஜிய நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கரிடம் புதிதாகச் செய்யச் சொன்னார். நாடகத்தின் புகழ்பெற்ற 'ஐ ஃபீல் பிரெட்டி' பாட்டும் போய்விட்டது. இடைவேளையும் கிடையாது.

அப்புறம் அந்தத் திரை! மேடையின் பின்சுவர் முழுக்க வீடியோ. கதையில் வரும் மருந்துக்கடைக் காட்சிகள் மேடையின் உள்ளறையில் நடக்கும்; பார்ப்பவர்களோ பெரும்பாலும் அவற்றைத் திரையில்தான் பார்க்க வேண்டும். "காசு கொடுத்து நாடகத்துக்கு வந்தால் சினிமா காட்டுகிறார்களே" என்ற எரிச்சலில் நியாயம் உண்டு.

ஆனால் எல்லோரும் திட்டவில்லை. மழை கொட்டும் மேடையில் நடக்கும் கும்பல் சண்டை சிலரை உலுக்கியது. நடிகர்கள் இன்றைய இளைஞர்கள் போலவே தெரிகிறார்கள் என்று பாராட்டினார்கள். என்னைக் கேட்டால், பாட்டை வெட்டியதைவிடத் திரையை அவ்வளவு நம்பியதுதான் தவறு.

பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது, மார்ச்சில் கொரோனாவால் அரங்குகள் மூடின. அதன்பின் அந்தத் தயாரிப்பு பிராட்வேக்குத் திரும்பவேயில்லை.