பழைய கனடா ஸ்டாம்பில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றன, இது அரிய பிழையா?

பழைய கனடா ஸ்டாம்ப் ஒன்றில் கோடுகள் இரட்டித்திருக்கின்றன, விலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் குறை அச்சுத் தகட்டில் இருந்ததா, அந்த ஒரு தாளை அச்சடிக்கும்போது மட்டும் நேர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். தகட்டில் இருந்திருந்தால், அதிலிருந்து வந்த ஒவ்வொரு ஷீட்டிலும் அதே இடத்தில் அதே குறை இருக்கும்.

அந்தக் கால கனடா ஸ்டாம்புகளில் பெரும்பாலானவை எஃகுத் தகட்டு அச்சு. சின்ன எஃகுக் கட்டியில் கையால் ஒரே ஒரு படம் செதுக்குவார்கள். அதைக் கடினமாக்கி, மென்மையான எஃகு உருளையை அதன்மேல் அழுத்தி உருட்டினால் படம் உருளையில் மேடாக ஏறும். பிறகு உருளையையும் கடினமாக்கி, பெரிய தகட்டில் நூறு இடத்திலோ அதற்கும் மேலோ ஒவ்வொன்றாக உருட்டிப் பதிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் அந்த இடத்தைச் சுரண்டி, தேய்த்துச் சமன்படுத்தி மறுபடி பதிப்பார்கள். தகடு தேய்ந்தாலும் இதே வைத்தியம்தான். பழைய கோடு முழுக்க அழியாமல் நின்றாலோ, புதுப் பதிவு மயிரிழை விலகினாலோ கோடு இரட்டிக்கும். சேகரிப்பவர்கள் இதை ரீ-என்ட்ரி என்பார்கள்.

இதற்கு நான் முதலில் காட்டுவது 1859இல் வந்த, பீவர் என்ற விலங்கின் படம் போட்ட 5 சென்ட் ஸ்டாம்பைத்தான். கனடா மாகாணம் டாலர், சென்ட் கணக்குக்கு மாறியபோது நியூயார்க்கின் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி அச்சிட்டது. மூலப் படம் 1851இல் சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங் வரைந்தது. பின்னாளில் உலகத்துக்குப் பொது நேரக்கணக்கு வேண்டுமென்று வாதாடிய அதே ஃப்ளெமிங்தான். 1868இல் புதிய வரிசை வரும்வரை இது ஓடியதால், தேயத் தேயத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். நூறு ஸ்டாம்ப் ஷீட்டில் 28ஆம் இடத்தில் வந்த ரீ-என்ட்ரிதான் பேர்போனது.

இன்னொரு வேடிக்கை, விக்டோரியா ராணியின் படம் சிறிய அளவில் வந்த 'ஸ்மால் குயீன்' வரிசையில் உண்டு. 6 சென்ட் தகட்டில் ஓரிடத்தில் தவறுதலாக 5 சென்ட் படத்தைப் பதித்துவிட்டு, அழித்து, மேலே சரியானதைப் பதித்திருக்கிறார்கள். சரியாக அழியவில்லை. ஐந்தின் மிச்சக் கோடுகள் ஆறுக்குள் இன்றும் தெரிகின்றன.

தகட்டில் விழுந்த கீறலும் புள்ளியும் வேறு வகை. 1935இல் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவுக்கு வந்த 1 சென்ட் பச்சை ஸ்டாம்பில், பின்னாளில் ராணியான சிறுமி எலிசபெத்தின் கண்ணுக்குக் கீழே கண்ணீர் போல ஒரு கோடு. 'அழும் இளவரசி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், இதன் விலையில் பாதி அந்தப் பெயருக்குத்தான்.

உங்களுடையதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். ஸ்டாம்ப் முழுக்க ஒரே பக்கமாக மங்கலான நிழல் விழுந்திருந்தால், பெரும்பாலும் அச்சடிக்கும்போது தாள் அசைந்ததுதான். அதற்குப் பெரிய விலை கிடையாது. ரீ-என்ட்ரி என்றால் சில இடங்களில் மட்டும், எழுத்துக்குள்ளோ சட்டத்துக்கு வெளியிலோ, கூர்மையான தனிக்கோடு நிற்கும். ஸ்டாம்ப் விவரப் பட்டியல் புத்தகத்தில் (கேட்டலாக்) உள்ள படத்தோடு கோட்டுக்குக் கோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் விற்பதற்கு முன் நிபுணர் சான்றிதழ் வாங்குங்கள். கனடா ஸ்டாம்புகளுக்கு டொரன்டோவின் வின்சென்ட் கிரேவ்ஸ் கிரீன் அறக்கட்டளை தருகிறது. சாதாரண ஸ்டாம்ப் என்றால் சான்றிதழ் செலவே அதன் விலையைத் தாண்டிவிடும், அதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.