கேள்வி - பதில்: ஒரு பக்கம் ஊமையாகும் இயர்போன்

கேள்வி: குறைந்த விலையில் வாங்கும் இயர்போன்களில் சில மாதங்களிலேயே ஒரு பக்கம் கேட்காமல் போகிறது. வாங்கும்போதே அதன் உறுதியைக் கணிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். இவற்றில் பெரும்பாலும் கெடுவது ஒலிப்பான் அன்று, கைபேசியில் செருகும் 3.5 மி.மீ. பின்னின் அடியிலோ, இரு காதுகளுக்கும் வயர் பிரியும் இடத்திலோ ஓயாமல் மடங்கி நைந்துபோகும் மெல்லிய செம்புக் கம்பிதான். எனவே, அவ்விடங்களில் வளைந்துகொடுக்கும் ரப்பர் உறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கைபேசியைச் சட்டைப்பையில் வைப்பவருக்கு 'எல்' வடிவப் பின் நல்லது. உலோகக் கூடு பார்வைக்கு அழகு, அவ்வளவே. சற்றுக் கூடுதலாகச் செலவிட இயலுமானால், 0.78 மி.மீ. இருமுனை இணைப்புள்ள (இரு சிறு ஊசிகளால் வயரைக் காதுப்பகுதியில் செருகும்) மாடலை வாங்குவதே என் தேர்வு. வயர் பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். ஐ.பி.எக்ஸ்.4 என்னும் குறி நீர்த்தெறிப்பைத் தாங்கும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது.