கிரிம் சகோதரர்கள் கதைகள்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

ரப்பன்ஸல் ரசிகை: அக்கா, இந்தக் கதைகளோட ஒரிஜினல் ரொம்ப பயங்கரமா இருக்குமாமே, நிஜமா?

எந்த வருஷத்து ஒரிஜினல்னு முதல்ல கேக்கணும்மா. ஜெர்மனியில ஜேக்கப், வில்ஹெம்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்துப் போட்ட புத்தகம் இது. முதல் தொகுதி 1812ல வந்துச்சு, ரெண்டாவது 1815ல. 1857 வரைக்கும் மொத்தம் ஏழு பதிப்பு, ஒவ்வொரு புதுப் பதிப்புலயும் தம்பி வில்ஹெம் கை வெச்சு மாத்திட்டே இருந்தார். இன்னிக்கு நாம படிக்கிறது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பதிப்பு. உங்க ரப்பன்ஸலையே எடுத்துக்கோங்க, கோபுரத்துல அடைபட்ட அவளோட நீள முடியைப் பிடிச்சு இளவரசன் ரகசியமா மேல ஏறி வருவான். 1812ல அந்தப் பொண்ணு வெகுளியா "என் துணியெல்லாம் ஏன் இப்படி இறுக்கமாகுது"ன்னு கேக்கும், கோபுரத்துல அடைச்சு வெச்சவளுக்கு அவ கர்ப்பம்னு புரிஞ்சிடும். குழந்தைங்க புத்தகத்துல இதெல்லாமான்னு அப்பவே விமர்சனம் வந்துச்சு. அப்புறம் வந்த பதிப்புல "இளவரசனை விட நீங்க ஏன் இவ்ளோ கனமா இருக்கீங்க"ன்னு கேக்குற மாதிரி மாத்திட்டாங்க.

புத்தகப்புழு: ரெண்டு பேரும் ஊர் ஊரா நடந்து போய் கிழவிங்ககிட்ட கதை கேட்டு எழுதினாங்கன்னு ஸ்கூல்ல படிச்சேன்.

பாதிக்கு மேல கற்பனை அது. காஸல் நகரத்துல அவங்க வீட்டுக்கே வந்து கதை சொன்னவங்கதான் அதிகம், அதுலயும் நிறைய பேர் படிச்ச குடும்பத்து இளம்பெண்கள். ஹாஸன்ஃப்ளுக் குடும்பம் பிரெஞ்சு வம்சாவளி, அதனாலதான் சிவப்புத் தொப்பிக்காரி மாதிரி கதைகள்ல பிரான்ஸ் வாசனை அடிக்கும். பக்கத்து வீட்டு வில்ட் குடும்பத்துப் பொண்ணு டார்ட்ஷென் நிறைய கதை சொன்னாங்க, 1825ல வில்ஹெம் அவங்களையே கல்யாணம் பண்ணிக்கிட்டார். எனக்கு ரொம்பப் பிடிச்சவங்க டோரதியா ஃபீமன். தையல்காரர் மனைவி, காய்கறி விக்க காஸலுக்கு வருவாங்க, சொன்ன கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னா வார்த்தை மாறாமச் சொல்லுவாங்கன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஆச்சரியப்பட்டு எழுதி வெச்சிருக்காங்க. அட்டையில இவங்க பேரையும் போட்டிருக்கணும்னு எனக்குத் தோணும்.

மழைக்காலம்: குட்டிக் கடல்கன்னி கிரிம்ல எத்தனாவது கதை?

அது கிரிம் இல்ல. டென்மார்க்கோட ஆண்டர்சன் 1837ல சொந்தமா எழுதினது.

கதிர்: மூணு பன்னிக்குட்டி?

அதுவும் இல்ல, இங்கிலாந்துக் கதை.

இரண்டாம் அம்மா: அக்கா, என் கணவரோட முதல் மனைவி இறந்துட்டாங்க. அவங்க பொண்ணுக்கு ஆறு வயசு, என்னை சித்தின்னுதான் கூப்பிடுவா. எந்தக் கதையை எடுத்தாலும் சித்திதான் கொடுமைக்காரி. படிக்கப் படிக்க எனக்கே தொண்டை அடைக்குது. என்ன பண்றது?

இந்தக் கேள்விக்காகவே இன்னிக்கு உக்காந்தது நல்லதாப் போச்சுன்னு நினைக்கிறேன். 1812 ஸ்னோ ஒயிட்டைப் பாருங்க, அதுல சித்தியே கிடையாது. பனி மாதிரி வெள்ளையா ஒரு குழந்தை வேணும்னு ஆசைப்பட்டுப் பெத்தாளே, அதே ராணிதான் வேடனை அனுப்பி அவளைக் கொல்லச் சொல்றா. 1819 பதிப்புலதான் பெத்தவளைச் சாகடிச்சு சித்தியைக் கொண்டு வந்தாங்க. ஹேன்சல் கிரெட்டல்லயும் முதல்ல பெத்த அம்மாதான் பிள்ளைங்களைக் காட்டுல விடச் சொல்லுவா, 1840லதான் சித்தி ஆக்குனாங்க. தாய்னா புனிதம், அவ இப்படிச் செய்ய மாட்டான்னு ஒரு எண்ணம், அதைக் காப்பாத்த பழியைத் தூக்கி இன்னொருத்தி மேல போட்டாச்சு. அதனால உங்க பொண்ணுக்குச் சொல்லும்போது தைரியமா "ராணி"ன்னு மட்டும் சொல்லுங்க, கதைக்கு ஒரு குறையும் வராது.

சரித்திரப் பித்தன்: இதை ஒத்துக்க முடியாது. அந்தக் காலத்துல பிரசவத்துல எத்தனை பெண்கள் செத்தாங்க, வீட்டுக்கு வீடு ரெண்டாம் தாரம் இருந்துச்சு, கதையில வர்றதுல என்ன அதிசயம்?

இருந்தாங்க, மறுக்கலயே. ஆனா 1812க்கும் 1819க்கும் நடுவுல திடீர்னு தாய்மார் சாக ஆரம்பிக்கலயே, மாத்தினது பேனாதான்.

நிலா அம்மா: பெத்த அம்மாவே கொல்ல வந்தான்னு சொன்னா எந்தக் குழந்தை தூங்கும்? மாத்தினது நல்லதுக்குத்தான்.

பெத்த அம்மான்னு சொல்லச் சொல்லல, ராணின்னுதான் சொன்னேன். சித்தியோட வளர்ற குழந்தையும் தூங்கணும் இல்லையா?

சரித்திரப் பித்தன்: ஒரு வார்த்தைக்கு இவ்ளோ ஆராய்ச்சியா?

சரி, சித்தியை விடுங்க, அப்பாக்களைப் பாருங்க. எனக்கு உண்மையான கோவம் அங்கதான். ஹேன்சல் கதையில பஞ்சம், ரொட்டி இல்ல, பொண்டாட்டி சொன்னதும் முதல்ல தயங்கிட்டு அப்புறம் பிள்ளைங்களைக் காட்டுல விட்டுட்டு வர்றது அவரும்தான். கிரிம் சிண்ட்ரெல்லாவுல அப்பா உயிரோடதான் இருக்கார், இளவரசன் வந்து வேற பொண்ணு இருக்கான்னு கேட்டா, இறந்து போன மனைவி விட்டுட்டுப் போன நோஞ்சான் ஒருத்தி இருக்கா, அவ மணப்பெண்ணா இருக்க முடியாதுன்னு சொல்றார். சொந்தப் பொண்ணு! இருநூறு வருஷமா அவங்களைக் கொடுமைக்கார அப்பான்னு யாராவது திட்டினோமா? பழி மொத்தமும் ஒரு பொம்பளை தலையில.

நிலா அம்மா: இதை நான் யோசிச்சதே இல்ல. ஆனாலும் ராத்திரி கதைக்கு இது வேணாம்.

சரி, அது உங்க வீடு, உங்க முடிவு.

செல்வி: அக்கா ஒரிஜினல் ரொம்ப பயங்கரமாமே?

முதல் பதிலைப் படிங்க.

அருண்: ஒரிஜினல்ல ஸ்னோ ஒயிட்டை முத்தம் கொடுத்துதான எழுப்புவாங்க?

இல்ல, அது 1937 டிஸ்னி படம். கிரிம்ல சவப்பெட்டியைத் தூக்கிட்டுப் போறவங்க தடுக்கி, அது குலுங்கி, தொண்டையில சிக்கின ஆப்பிள் துண்டு வெளிய வருது. தவளை இளவரசனுக்கும் முத்தம் கிடையாது, இளவரசி தவளையைச் சுவத்துல வீசி அடிப்பா.

வாசகன் 7: "ஒரிஜினல் கதைகள்"னு ஒரு பிடிஎஃப் கிடைச்சது, நம்பலாமா?

எந்தப் பதிப்புலேர்ந்து எடுத்ததுன்னு முதல் பக்கத்துல போட்டிருக்கா? இல்லன்னா வேணாம். திரும்பத் திரும்ப இதையே சொல்றேன், வருஷம் பாருங்க.

இரண்டாம் அம்மா: நன்றி அக்கா. ஹேன்சல் கிரெட்டலையும் அவளுக்குச் சொல்லலாமா?

சொல்லுங்கம்மா, சூனியக்காரியை அடுப்புல தள்ளி அண்ணனைக் காப்பாத்தறது தங்கச்சி கிரெட்டல்தான், உங்க பொண்ணுக்கு அது கண்டிப்பா பிடிக்கும். பஞ்சத்தைப் பத்தி நாலு வரி முன்னாடியே சொல்லிடுங்க. காட்டுல விட்டதை "அம்மாவும் அப்பாவும்"னு ரெண்டு பேர் பேரும் சேர்த்தே சொல்லுங்க.