வாசகர் கேள்வி: பாடக்குறிப்பு யாருக்காக?

கேள்வி: திருகோணமலை நகரிலிருந்து நாள்தோறும் மூதூர்ப் பக்கமுள்ள பாடசாலையொன்றுக்குச் சென்று தரம் 7 பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். நியமனம் கிடைத்து மூன்று மாதமாகிறது. பாடவேளை 40 நிமிடம். ஆனால் பாடம் 20 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, பிறகு வகுப்பு என் கைக்குள் நிற்பதில்லை. பாடக்குறிப்பு எழுதுவது வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருபவர்களுக்குக் காட்டத்தான் என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். அப்படித்தானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அப்படியல்ல. ஆசிரியர் வழிகாட்டியைப் பார்த்தெழுதி, அதிபரின் ஒப்பம் பெற்றபின் திறக்கப்படாமலே கிடந்த கொப்பிகளை நானும் கண்டிருக்கிறேன். ஆயினும் உங்களுக்கு மிஞ்சுகின்ற அந்த 20 நிமிடம், நீங்கள் சொல்லப்போவதை மட்டும் ஆயத்தப்படுத்தி, பிள்ளைகள் செய்யப்போவதை யோசிக்காமல் வகுப்புக்குள் நுழைவதால் வருவது.

பின்னக் கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலுள்ளவற்றை மேலேயும் கீழுள்ளவற்றைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் அநேகமாக எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அந்தப் பிழை வருமென்று முதல்நாளே எதிர்பார்த்து, வந்தவுடன் என்ன கேட்பது என்று எழுதி வைப்பதுதான் பாடக்குறிப்பின் உயிர். ஒவ்வொருவருக்கும் 12 சென்ரிமீற்றர் நீளக் கடதாசித் துண்டொன்றைக் கொடுத்து, அரைவாசிக்கு நிறந்தீட்டச் சொல்லுங்கள், 6 வரும். அதற்கு அடுத்தாற்போல் மூன்றில் ஒன்று, இன்னும் 4. தீட்டியது 10 சென்ரிமீற்றர், ஐந்தில் இரண்டோ 5 ஐயும் எட்டாது. அரையோடு இன்னொன்றைக் கூட்டியபின் அரையிலும் குறைந்தது எப்படி என்று கேட்டுவிட்டு, பேசாமல் நில்லுங்கள். அந்த மௌனத்துக்கும் குறிப்பில் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

12 என்ற அளவும் முன்கூட்டி யோசித்ததுதான். என் முதலாம் ஆண்டில் 10 சென்ரிமீற்றர்த் துண்டுகளை வெட்டிக்கொண்டு போய், மூன்றில் ஒன்றை அடிமட்டத்தில் காட்ட முடியாமல் பிள்ளைகள் முன் திகைத்து நின்றேன். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படுவதற்கு முந்திய காலம் அது. அன்று மாலை துறையில் படகுப் பாதைக்காகக் காத்துநின்ற நேரத்தில்தான் மறுநாள் பாடத்தை முதன்முதலாக ஒழுங்காக எழுதினேன்.

தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி உங்களுக்குத் துணை. தேர்ச்சியும் கற்றற் பேறும் அதில் உண்டு. ஆனால் அது முழு நாட்டுக்கும் எழுதப்பட்டது. உங்கள் வகுப்பில் யாருக்கு வாய்பாடு தடுமாறுகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எல்லாப் பாடவேளைக்கும் விரிவாக எழுத முயன்றால் ஒரே வாரத்தில் களைத்துவிடுவீர்கள். நாளொன்றுக்கு ஒரு பாடத்தை மட்டும் முழுமையாக எழுதுங்கள். மற்றவற்றுக்கு, பாட முடிவில் பிள்ளை எதைத் தானாகச் செய்யவேண்டும் என்ற ஒரு வரியும் இரண்டு கேள்விகளும் போதும். திரும்பிவரும் பேருந்திலேயே, எந்த இடத்தில் வகுப்பு தடுமாறியது என்று குறிப்பின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். வீடு சேர்வதற்குள் அது மறந்துபோகும்.

மூத்தவர்களோடு வாதிட வேண்டாம். பல ஆண்டுகளாக அதே பாடத்தை நடத்தியவருக்குக் குறிப்பு மனத்திலேயே பதிந்திருக்கக்கூடும். அவர்களில் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு பாடவேளை இருந்து, அவர் எப்போது கேள்வி கேட்கிறார், கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.