எண்ணாமல் போட்ட கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற கட்டுரையில் "பிற விண்மீன் மண்டலங்களிலும் (கேலக்ஸிகளிலும்) கோடானுகோடி கோள்கள் உண்டு" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். பக்கத்து விண்மீன்களைச் சுற்றும் கோள்களையே சரியாகப் பார்க்க முடிவதில்லை என்கிறார்கள். பல லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதை எப்படி எண்ணினார்கள்? ஒன்றையாவது யாராவது பார்த்ததுண்டா? இது அறிவியலா, வாய்க்கு வந்த எண்ணா?

கே.

அன்புள்ள கே.,

யாரும் எண்ணவில்லை, பெருக்கியிருக்கிறார்கள். ஒரு விண்மீனுக்குச் சராசரியாக எத்தனை கோள், ஒரு மண்டலத்தில் எத்தனை விண்மீன், மொத்தம் எத்தனை மண்டலம். இந்த மூன்றில் எது நிற்கும், எது ஆட்டம் காணும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் எண்ணுக்குப் பெரிய ஆதாரம் கெப்ளர் தொலைநோக்கி. 2009 முதல் 2013 வரை வானத்தின் ஒரே பகுதியில் சுமார் ஒன்றரை லட்சம் விண்மீன்களை விடாமல் கவனித்தது. கோள் ஒன்று தன் விண்மீனுக்குக் குறுக்கே போனால் வெளிச்சம் துளி மங்கும். அதைப் பிடிப்பதே வேலை. ஆனால் கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் அமைந்தால்தானே குறுக்கே போகும்? பூமி சூரியனைச் சுற்றுவது போன்ற பாதைக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய இருநூற்றில் ஒன்று. ஆகவே அப்படி ஒன்று சிக்கினால், சிக்காத இருநூறு பேரை அது சொல்லாமல் சொல்கிறது. அப்புறம், சின்னக் கோள்களால் வரும் மங்கல் இரைச்சலில், அதாவது தரவில் தானாக வரும் ஏற்ற இறக்கத்தில், தொலைந்துவிடும். இதற்கு அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. தரவுக்குள் பொய்யான மங்கல்களைத் தாங்களே நுழைத்துவிட்டு, மென்பொருள் எத்தனையைப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். போட்டதில் பாதி தப்பினால், நிஜத்திலும் பாதி தப்பியிருக்கும். இப்படித் திருத்தித் திருத்தி வந்த விடை, விண்மீனுக்குக் குறைந்தது ஒரு கோள். ஈர்ப்பு விசை ஒளியை வளைப்பதை வைத்து 2012இல் தனியாகப் போட்ட கணக்கும் அங்கேயே வந்து நின்றது.

நம் மண்டலமான பால்வெளியில் 10,000 கோடி முதல் 40,000 கோடி விண்மீன்கள். மண்டலங்கள் எத்தனை என்பதில் சண்டை உண்டு. 2016இல் 2 லட்சம் கோடி என்றார்கள். நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவுக்கு அப்பாலிருந்து அளந்த பின்னணி ஒளியை (தனித்தனியே தெரியாத மண்டலங்களின் ஒளியும் சேர்ந்த வான வெளிச்சத்தை) வைத்து, அவ்வளவு இருக்காது, சில பத்தாயிரம் கோடிகள்தான் என்று 2021இல் சொன்னார்கள். நம் கணக்குக்கு இதில் பெரிய பாதகமில்லை. கழிந்து போனவை பெரும்பாலும் விண்மீன் அதிகமில்லாத குட்டி மண்டலங்கள்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கெப்ளர் பார்த்தது பால்வெளியின் ஒரு மூலையை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. அடுத்த பானைக்கும் அதுவேதானா? இரும்பு போன்ற கனமான தனிமங்கள் மிகுந்த விண்மீன்களிடம்தான் வியாழன் மாதிரிப் பெரிய கோள்கள் அதிகம். குட்டி மண்டலங்களில் அந்தத் தனிமங்கள் குறைவு. 1999இல் ஹபிள் தொலைநோக்கி, அந்தத் தனிமங்கள் குறைந்த 47 டுகானே என்ற விண்மீன் கொத்தில் சுமார் 34,000 விண்மீன்களை எட்டு நாள் பார்த்தது. பதினேழு கோள்கள் சிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை. தனிமக் குறைவு காரணமாக இருக்கலாம் என்று பேச்சு எழுந்தது. ஆனால் 2017இல் கெப்ளர் தரவைக் கொண்டு மறுகணக்குப் போட்டால், எதிர்பார்த்திருக்க வேண்டியதே இரண்டு சொச்சம்தான்! இரண்டு வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்ததை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

எனவே காணத்தக்க பிரபஞ்சத்தில் கோள்களின் எண்ணிக்கை 1க்குப் பின் 22 முதல் 24 பூஜ்யங்கள் வரை என்பதுதான் நேர்மையான விடை. நூறு மடங்கு இடைவெளி உங்களுக்கு எரிச்சல் தரலாம். எனக்குத் தரவில்லை, கீழ் எல்லையே நான் எழுதியதற்குப் போதும்.

பார்த்ததுண்டா என்றால், பக்கத்தில் வந்தது ஒன்று. ஏறத்தாழ 2.8 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்51 மண்டலத்தில், எக்ஸ் கதிர் வீசும் ஒரு பொருள் சுமார் மூன்று மணி நேரம் மங்கி, நடுவில் முழுக்க அணைந்து, மீண்டதைச் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் பழைய பதிவுகளில் கண்டு 2021இல் அறிவித்தார்கள். சனி அளவுள்ள கோள் மறைத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். மறுபடி குறுக்கே வர 70 ஆண்டுகள்போல ஆகும் என்பதால் சரிபார்க்க வழியில்லை. அதை நான் பெருக்கலில் சேர்க்கவில்லை.